படம் கிடைக்காதவர்களுக்கான படம்

மருத்துவமனையின் பழைய கட்டடத்துக்குள் நான் முதலில் போனது நல்ல வெயில் அடித்த ஒரு காலையில்தான். வாசலில் இருந்த காவலாளி என் பையைத் திறந்து பார்த்தார். மடிக்கணினியை ஒரு தட்டு தட்டினார்.

"கம்ப்யூட்டர் வேலைக்கு வந்தவங்களா? கீழ போங்க. துணி துவைக்கிற ரூமுக்குப் பக்கத்து ரூம். லைட்டு எரிய கொஞ்சம் நேரம் ஆகும், பயந்துக்காதீங்க."

படி இறங்க இறங்க வெயில் பின்தங்கியது. கீழே ஈரத் துணி வாடையும் பிளீச்சிங் பவுடர் நெடியும் ஒன்றாகக் கலந்து மூக்கில் ஏறின. சுவருக்கு அந்தப் பக்கம் சலவை இயந்திரங்கள் உறுமிக்கொண்டிருந்தன. அறைக்குள் ஒரு மேசை, ஒரு சுழல் நாற்காலி, மூலையில் விசிறி இரைச்சலோடு ஓடும் ஒரு பழைய சர்வர். நாற்காலியின் முதுகுப் பக்கம் கிழிந்து, உள்ளே இருந்த மஞ்சள் பஞ்சு எட்டிப் பார்த்தது. அதில் உட்கார்ந்ததும் அது என்னைத் தானாகவே சுவர்ப் பக்கம் திருப்பியது. தரை சாய்வாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

வேலை இதுதான். ஒவ்வொரு நோயாளியின் தலைமாட்டிலும் ஒரு சிறு திரை உண்டு. அவர் பெயர், படம், மருந்து நேரம் எல்லாம் அதில் தெரியும். அதை ஓட்டும் செயலி இந்தப் பழைய சர்வரில் இருந்தது. மருத்துவமனை புதுக் கட்டடத்துக்குப் போகிறது. அதற்குள் செயலியைப் புது சர்வருக்கு மாற்றித் தர வேண்டும். அதை எழுதியவர் உயிரோடு இல்லை.

அடுத்தவர் எழுதிய செயலியில் கை வைப்பது வேலியில் போகிற ஓணானை மடியில் விட்டுக்கொள்வது என்று எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் நான் ஒப்புக்கொண்டதற்கு ஒரே காரணம் என் அண்ணன்.

அண்ணன் அதே கட்டடத்தின் மேல்மாடி வார்டில் கிடந்தான். விபத்துக்குப் பிறகு கண்ணே திறக்கவில்லை. பார்வையாளர்களை மாலையில் சிறிது நேரம்தான் விடுவார்கள். கழுத்தில் பணியாளர் அட்டை மாட்டியவரை யாரும் தடுப்பதில்லை. எப்போது வேண்டுமானாலும் மேலே போய் அவன் கையைப் பிடித்துக்கொண்டு உட்காரலாம். எனக்கு அது போதும்.

சின்ன வயதில் நான் கட்டிலுக்கடியில் ஒளிந்துகொண்டு பிஸ்கட் தின்பேன் என்பதற்காக அண்ணன் எனக்கு சுண்டெலி என்று பெயர் வைத்தான். வளர்ந்து, வேலைக்குப் போய், தலையில் நரை வந்த பிறகும் அவனுக்கு நான் சுண்டெலிதான். அந்தப் பெயரை வேறு யாரும் சொன்னதில்லை, அண்ணிகூட. அந்தக் குரலை இன்னொரு முறை கேட்க வேண்டும். மற்றதெல்லாம் எனக்கு இரண்டாம்பட்சம்.

முதல் வேலையாக செட்டிங்ஸ் ஃபைலைத் திறந்தேன். இந்த மாதிரிச் செயலிகளை யாரும் அடியிலிருந்து கட்டுவதில்லை. ஃப்ரேம்வொர்க் என்று ஒன்று ஆயத்தமாகக் கிடைக்கும். சுவரும் கூரையும் அது போட்டுத் தந்துவிடும், எந்த அறையில் எது இருக்கிறது என்பதை மட்டும் நாம் சொல்ல வேண்டும். பக்கங்களின் அச்சு, அதாவது டெம்ப்ளேட், இந்த ஃபோல்டரில், படங்கள் அந்த ஃபோல்டரில் என்று பாதைகளை வரிவரியாக எழுதி வைப்போம். சர்வர் மாறினால் பாதைகளும் மாறும். அவ்வளவுதான் வித்தை.

ஒருவருடைய படம் கிடைக்காவிட்டால் அதற்குப் பதில் எதைக் காட்டுவது என்பதற்கும் ஒரு வரி உண்டு. உலகம் முழுக்க அது தலையும் தோளும் மட்டும் உள்ள ஒரு சாம்பல் நிற உருவமாகத்தான் இருக்கும். இங்கே அந்த வரி ஏதோ ஒரு ஃபோல்டரைக் காட்டியது. நான் அந்த ஃபோல்டரைத் தேடினேன்.

அப்படி ஒரு ஃபோல்டரே இல்லை.

ஆனால் படம் வந்தது. அண்ணன் முகத்தில் கட்டு இருந்ததால் வார்டில் அவனைப் படம் எடுக்கவே இல்லை. அதனால் அவன் பக்கத்தைத் திறந்தால் பதில் படம்தான் வரும். அதில் சாம்பல் உருவம் இல்லை. மங்கலான அறை ஒன்றில் ஒரு ஆள் நாற்காலியில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்.

பழைய நகல் எங்கோ தங்கியிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எங்கள் தொழிலில் புரியாதது எல்லாவற்றுக்கும் அந்த ஒரே சமாதானம்தான்.

வார்டு சிஸ்டர் ஒருநாள் எனக்குத் தேநீர் கொண்டுவந்தார். திரையைப் பார்த்ததும் கோப்பையை வைக்காமல் நின்றார்.

"இது நம்ம கண்ணாடிக்காரர் முதுகாச்சே?"

"யாரு சிஸ்டர்?"

"உங்களுக்கு முன்னாடி இருந்தவரு. பேரு யாருக்குத் தெரியும்? பெரிய கண்ணாடி போட்டிருப்பாரு, மூக்குல நிக்கவே நிக்காது, தள்ளிவிட்டுக்கிட்டே இருப்பாரு. இங்கதான் செத்தாரு. சலவைக்காரங்க பார்த்தப்போ ரொம்ப நேரம் ஆகியிருந்துச்சு. கீழ ஒருத்தர் இருக்காருங்கிறதே மேல யாருக்கும் ஞாபகம் இல்ல." அவர் குரலைத் தாழ்த்தினார். "பாவம், நாற்காலியப் பாருங்க."

பார்த்தேன். முதுகில் கிழிசல். மஞ்சள் பஞ்சு.

அப்போது நான் அதில்தான் உட்கார்ந்திருந்தேன்.

அந்த வரியை மாற்றி நல்ல சாம்பல் உருவம் ஒன்றை வைத்தேன். சர்வரை நிறுத்தித் தொடங்கியதும் பழைய பாதையே திரும்ப வந்து உட்கார்ந்திருந்தது. மறுபடி மாற்றினேன். மறுபடி வந்தது. சரி, எப்படியும் புது சர்வரில் இது இருக்காது, செத்துப்போனவரோடு எனக்கு என்ன வம்பு என்று விட்டுவிட்டேன்.

நோயாளிகளின் படங்களைப் புது வட்டுக்கு, அதாவது ஹார்ட் டிஸ்க்குக்கு, நகர்த்திய அன்றுதான் எல்லாம் நடந்தது. பழைய சர்வரின் செட்டிங்ஸில் படங்களின் புதுப் பாதையை அடித்துக்கொண்டிருந்தேன். சிஸ்டர் போன் செய்தார்.

"கொஞ்சம் மேல வாங்க. உங்க அண்ணனுக்கு உடம்பு நெருப்பா கொதிக்குது. டாக்டரைக் கூப்பிட்டிருக்கோம்."

போனை மேசையில் போட்டேன். மீதியை அடித்து, சேமித்து, சர்வரைத் தொடங்கிவிட்டு மாடிக்கு ஓடினேன். பாதையின் முதலில் போட வேண்டிய சாய்கோட்டை விட்டுவிட்டேன். அந்தக் கோடு இருந்தால் வீட்டு வாசலிலிருந்து எண்ணிப் போ என்று அர்த்தம். இல்லாவிட்டால் நீ எங்கே நிற்கிறாயோ அங்கிருந்து எண்ணு என்று அர்த்தம். கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல் செயலி வேறெங்கோ போய்ப் படங்களைத் தேடியது. ஒருவர் படமும் கிடைக்கவில்லை.

வார்டில் உச்சி வெயில் ஜன்னல் வழியாகக் கட்டில்மேல் விழுந்து கிடந்தது. அங்கேயும் ஈரத் துணி வாடை.

முதல் கட்டிலின் திரையில் அந்த முதுகு.

அடுத்த கட்டிலிலும் அதே அறை, அதே நாற்காலி. ஆனால் தோள் ஒன்று முன்னால் வந்திருந்தது.

அதற்கடுத்ததில் ஒரு காது தெரிந்தது.

நான் நடந்தேன். நடக்காமல் நின்றிருக்கலாம், கால் கேட்கவில்லை.

காதின்மேல் கண்ணாடியின் கம்பி.

கன்னம்.

மூக்கின் நுனி. கண்ணாடியை மேலே தள்ளும் ஒரு விரல்.

கடைசிக் கட்டில் அண்ணனுடையது. அதன் திரையில் அந்த ஆள் முழுதாகத் திரும்பி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெகுகாலம் வரிசையில் நின்ற ஒருவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் முகம் எப்படி இருக்கும், அப்படி ஒரு நிம்மதி அதில் இருந்தது.

"சிஸ்டர், இந்த ஸ்க்ரீன்…"

"அத அப்புறம் பாருங்கம்மா!" அவர் அண்ணன் நெற்றியில் ஈரத் துணி வைத்துக்கொண்டிருந்தார்.

கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கினேன். கோட்டைப் போட்டேன். தொடங்கினேன். மறு நொடியே எல்லாருடைய படமும் அவரவர் இடத்துக்கு வந்தது. எடுக்கவே எடுக்காத அண்ணன் படமும் வந்தது.

மங்கலான அறை. கிழிந்த நாற்காலி. அதில் அண்ணன், முகத்தில் கட்டு இல்லாமல், என்னைப் பார்த்தபடி.

மேலே மணி அடித்தது. யாரோ மாடிப்படியில் ஓடி வரும் சத்தம். சிஸ்டர்தான்.

"ஓடி வாங்க! உங்க அண்ணன் கண்ணத் திறந்துட்டாரு!"

அண்ணி அன்று அழுத அழுகையை நான் மறக்க முடியாது. அவன் காலைக் கட்டிக்கொண்டு அழுதாள், சிரித்தாள், வருகிறவர் போகிறவரையெல்லாம் கும்பிட்டாள். அவனோ எல்லோரையும் மாறிமாறிப் பார்த்தான். என்னிடம் வந்ததும் அவன் பார்வை நின்றது. கை மெதுவாக எழுந்து மூக்குக்குப் போய், அங்கே இல்லாத எதையோ மேலே தள்ளியது.

அண்ணன் ஒருநாளும் கண்ணாடி போட்டதில்லை.

"வணக்கம் மேடம்" என்றான்.

"தலையில அடி பட்டதுல்ல, அதான் குழம்புது" என்றாள் அண்ணி. "போகப் போகச் சரியாயிடும். உயிரோட வந்தாரே, அது போதாதா?"

நான் கீழறைக்கு இறங்கிப் போய் அவன் பக்கத்தைத் திறந்தேன்.

அன்றிலிருந்து நான் வீட்டுக்குப் போனது தூங்குவதற்கு மட்டும்தான். மற்ற நேரமெல்லாம் கீழறையில் அந்தப் படத்தின் முன்னால் கிடந்தேன். பக்கத்தைப் புதுப்பித்தால் படம் கொஞ்சம் மாறும். அண்ணனின் உதடுகள் குவிந்திருக்கும். அடுத்த முறை லேசாகப் பிரியும். அடுத்த முறை மறுபடி குவியும். அவன் எந்தச் சொல்லைத் தொடங்குகிறான் என்று எனக்குப் புரிந்தது. நாற்பது வருஷமாகக் கேட்ட பெயர்.

அந்தப் படத்தைப் பிடிக்க எனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் செய்தேன். ஃபோல்டரைத் தேடினேன். வட்டைப் புரட்டினேன். திரையைப் படமெடுத்தால் சாம்பல் உருவம்தான் பதிவானது. அந்தப் பாதை எங்கே போகிறது என்று கேட்டால் சர்வர் ஒரே பதிலைச் சொன்னது: அப்படி ஓர் இடம் இல்லை. இல்லாத இடத்தில் என் அண்ணன் உட்கார்ந்து என்னைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான்.

மருத்துவமனை மேனேஜரைக் கூட்டிவந்து காட்டினேன். அவர் குனிந்து பார்த்தார்.

"உங்க அண்ணன்தானே? கீழ கூட்டிட்டு வந்து யாரோ எடுத்திருக்காங்க. நல்லாத்தானே விழுந்திருக்கு?"

"சார், இந்த மெஷின இன்னும் கொஞ்ச நாள் ஆஃப் பண்ணாம வைங்க. கெஞ்சிக் கேக்கிறேன்."

"என்னம்மா நீங்க? புதுசு அருமையா ஓடுதுன்னு நீங்கதானே சொன்னீங்க? நாளைக்கு இந்தக் கட்டடத்துக்கே கரண்ட்டை எடுக்கிறாங்க. வீட்டுக்குப் போய்த் தூங்குங்க. பேயறைஞ்ச மாதிரி இருக்கீங்க."

அண்ணனை அதற்குள் வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். அன்று நேராக அங்கேதான் போனேன். அண்ணி கடைக்குப் போயிருந்தாள். அவன் நாற்காலியை இழுத்துப் போட்டு, சுவரைப் பார்த்தபடி, எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான்.

"என் அண்ணனை விட்டுடுங்க" என்றேன்.

அவன் திரும்பவில்லை.

"முதல் கோட்டை விட்டுட்டீங்கல்ல மேடம்? எல்லாரும் விடுறதுதான். நானும் விட்டிருக்கேன்."

"உங்களக் கையெடுத்துக் கும்பிடுறேன்."

"நானா அவரப் பிடிச்சு வச்சிருக்கேன்? அங்க பூட்டு ஒண்ணும் கிடையாது மேடம். வெளிய யாரையாவது தேடணும். தேடி, கிடைக்காம போகணும். அப்போ உள்ள இருக்கிறவரு கொஞ்சம் திரும்பலாம். முழுசாத் திரும்பிட்டா வெளிய வந்துடலாம். கடைசியாக் கிடைக்காம போனவரு உள்ள போயிடுவாரு. அவ்வளவுதான்." மூக்கின்மேல் இல்லாத கண்ணாடியைத் தள்ளினான். "இத்தனை நாளா எப்பவாவது ஒருத்தர் படம்தான் கிடைக்காம போச்சு. அதான் அவ்வளவு காலம் ஆச்சு."

எனக்கு அவன்மேல் ஆத்திரம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அழுகைதான் வந்தது. அதற்குள் அண்ணி பையோடு வந்துவிட்டாள். "ரெண்டு பேரும் பேசுறீங்களா? பேசுங்க, பேசுங்க, அவருக்கு நல்லது" என்று சொல்லிக்கொண்டே உள்ளே போனாள். அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்துவிட்டு நான் எழுந்து வந்துவிட்டேன்.

மறுநாள் மின்சாரம் துண்டிக்க வந்தவர் நல்ல மனிதர். நான் சர்வரைக் கட்டிப்பிடிக்காத குறையாக நிற்பதைப் பார்த்துக் காத்திருந்தார். கடைசியாக ஒருமுறை பக்கத்தைப் புதுப்பித்தேன். அண்ணன் எழுந்து நின்றிருந்தான். இரண்டு உள்ளங்கைகளையும் திரையில் பதித்திருந்தான்.

"முடிஞ்சுதாம்மா?" என்று கேட்டார் அவர்.

முடியவில்லை என்று சொல்ல எனக்கு ஒரு காரணமும் இல்லை. விசிறி இரைச்சல் தேய்ந்து தேய்ந்து நின்றது. சுவருக்கு அந்தப் பக்கமும் சத்தம் இல்லை.

புதுக் கட்டடத்தில் எல்லாம் பளபளவென்று இருக்கிறது. கீழறை கிடையாது. சர்வர் அறையில் ஜன்னல்கூட உண்டு. பாதைகளை ஒவ்வொன்றாக, முதல் கோட்டோடு, விரல் வைத்துப் படித்துப் போட்டிருக்கிறேன். படம் இல்லாதவர்களுக்குச் சாம்பல் உருவம்தான் வருகிறது. மேனேஜர் என்னை நிரந்தரமாகவே வைத்துக்கொண்டார். அண்ணன் போய்விட்டான், அழுது தீர்க்க வேண்டியதுதான் என்று மனதைத் தேற்றத் தொடங்கியிருந்தேன்.

சர்வரிடம் யார் எதைக் கேட்டாலும் அது ஒரு வரியாகக் கறுப்புத் திரையில் ஓடும். யார் கேட்டார், எந்த ஃபைலைக் கேட்டார், கிடைத்ததா இல்லையா. நேற்றுக் காலை அதைச் சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன். நோயாளிகளின் எண்கள் ஓடின. எண்களுக்கு நடுவே ஒரு பெயர் வந்தது.

சுண்டெலி. கிடைக்கவில்லை.

கேட்டது யார் என்று பார்த்தேன். வெளியிலிருந்து யாரும் கேட்கவில்லை. சர்வர் தன்னிடமே கேட்டிருந்தது.

சுண்டெலி. கிடைக்கவில்லை.

மூக்கில் ஈரத் துணி வாடை ஏறியது. ஜன்னலைத் திறந்து வைத்தேன். போகவில்லை.

அண்ணனுக்கு விதி தெரியாது. யாரைத் தேடிக் கிடைக்காமல் போகிறதோ அவர் உள்ளே போவார் என்று அவனுக்கு யார் சொல்லியிருப்பார்கள்? இருட்டில் விழித்த பிள்ளை கூப்பிடுவதுபோல் அவன் தன் தங்கையைக் கூப்பிடுகிறான். கூப்பிடக் கூப்பிட அவனுக்கு வழி திறக்கிறது. யாரைத் தள்ளிவிட்டு வருகிறோம் என்று தெரிந்தால் அவன் அந்த நாற்காலியைவிட்டு அசையவே மாட்டான்.

என் படம் ஒன்றை எடுத்து அந்தப் பெயரை வைத்து, படங்கள் இருக்கும் ஃபோல்டரில் போட்டேன். கிடைக்கவில்லை. அச்சுகள் இருக்கும் ஃபோல்டரில் போட்டேன். தற்காலிக ஃபோல்டரில், எனக்குத் தெரிந்த எல்லா ஃபோல்டரிலும் போட்டேன். கிடைக்கவில்லை, கிடைக்கவில்லை என்றே வரிகள் ஓடின. எந்த இடத்தில் அவன் தேடுகிறானோ அந்த இடத்துக்கு எனக்குப் பாதை தெரியாது. பாதை எழுதுவதுதான் என் தொழில்.

"இங்கதான் இருக்கேன் அண்ணா, தேடாதே" என்று திரையைப் பார்த்துச் சொன்னேன். பக்கத்து மேசைப் பெண் திரும்பிப் பார்த்தாள். அவன் வந்துவிட்டால் நல்லதுதானே என்றும் ஒரு கணம் நினைத்தேன். பயம் இல்லை என்று சொன்னால் பொய்.

இன்று மத்தியானம் அண்ணி போன் செய்தாள். பின்னணியில் அவன் நாற்காலியை இழுக்கும் சத்தம் கேட்டது.

"ஏம்மா, உன் நம்பர்ல இருந்த உன் போட்டோவ ஏன் எடுத்துட்ட?"

"நான் எடுக்கலையே அண்ணி."

"எடுக்கலையா? வேற போட்டோ வருதே. ஏதோ இருட்டு ரூமு, நாற்காலில ஒருத்தரு. முகம் தெரியல, பாதிதான் திரும்பியிருக்காரு." அவள் சிரித்தாள். "உங்க அண்ணன் மாதிரியே இருக்கும்மா."